டிவிடி டிரைவ் மக்கர் செய்தால்: துடைப்பதா, மாற்றுவதா, வெளி டிரைவ் வாங்குவதா?

கல்யாண டிவிடியைப் போட்டால் முன்பக்க விளக்கு நாலு முறை மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. திரையில் 'டிஸ்க்கைச் செருகவும்' என்று வருகிறது. அல்லது டிரேயே வெளியே வர மறுக்கிறது. வீட்டு டெஸ்க்டாப்பில் பல வருடம் சும்மா கிடந்த டிவிடி ரைட்டரைத் திடீரென ஒரு நாள் வேலை வாங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். அப்போது முன்னே இருக்கும் வழிகள் நான்கு. இருக்கிற டிரைவைத் துடைத்து, சின்னப் பழுது பார்த்து ஓட்டலாம். அதே இடத்தில் வேறொரு உள் டிரைவ் மாட்டலாம். யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் வாங்கலாம். அல்லது நல்ல டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, எல்லா டிஸ்க்கையும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு டிரைவ் பேச்சையே விட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை டிரைவின் விலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பீரோவில் இருக்கும் டிஸ்க்குகளை வைத்து முடிவு செய்யுங்கள்: எத்தனை இருக்கின்றன, எந்த வகை, அவற்றில் வேறு எங்கும் பிரதி இல்லாதவை எவை. டிரைவ் இன்றைக்கும் கடையில் கிடைக்கும். 2008-ல் ஸ்டுடியோக்காரர் எரித்து (அதாவது லேசரால் பதிவு செய்து) கொடுத்த டிவிடி எந்தக் கடையிலும் கிடைக்காது.

முதலில் குறை எங்கே என்று பாருங்கள்

காசு எடுக்கும் முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும். டிரைவ் போய்விட்டது என்று நினைக்கிற பல இடங்களில் டிரைவ் நன்றாகவே இருக்கும்.

டிஸ்க்குக்குள் இருக்கும் ஃபோல்டர்கள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் அது டிரைவ் பிரச்சினையே இல்லை. விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. விஎல்சி பிளேயரை நிறுவினால் தீர்ந்தது. வெளிநாட்டில் வாங்கிய டிவிடி மட்டும் ஓடவில்லையென்றால் ரீஜன் கோடு (எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று டிவிடியில் போடும் பூட்டு) காரணமாக இருக்கலாம். இந்தியா 5-வது ரீஜன், அமெரிக்கா 1-வது. டிரைவில் ரீஜனை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். வீட்டு டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்து, 'ஃபைனலைஸ்' (பதிவை முடித்து மூடுவது) செய்யாமல் விட்ட டிஸ்க்கும் கம்ப்யூட்டரில் காலியாகத்தான் தெரியும்.

அடுத்து, டிரைவை கம்ப்யூட்டர் பார்க்கிறதா? விண்டோஸில் தேடாமல் பயோஸுக்குள் (கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். அங்கே பெயர் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் கோளாறு மென்பொருளில். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோடு 19, 39, 41 போன்ற எண்ணும் இருந்தால், முதலில் அந்த டிரைவை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், பழைய எரிப்பு மென்பொருள் ஏதோ ஒன்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) விட்டுப்போன 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள்தான் வழக்கமான காரணம். சிடி-ராம் வகைக்கு உரிய கீயை (ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை) முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் திரும்பி வந்துவிடும்.

பயோஸிலேயே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் நல்ல கேபிளோடு மாற்றிப் போடுங்கள். மதர்போர்டில் வேறு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். சமீபத்தில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்புப் பலகை) போட்ட பிறகுதான் டிரைவ் காணாமல் போனது என்றால் மதர்போர்டு மேனுவலைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பல போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி ஏறியவுடன் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் (கேபினட்டுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மறக்க வேண்டாம். டெஸ்க்டாப் டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தேவை. எலக்ட்ரானிக்ஸ் 5 வோல்ட்டில் இயங்கும், மோட்டார்கள் 12 வோல்ட்டை நம்பியிருக்கும். 12 வோல்ட் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸில் டிரைவ் பயோஸில் அழகாகத் தெரியும், விளக்கும் எரியும், டிஸ்க் மட்டும் சரியாகச் சுழலாது. வேறு பவர் கனெக்டரில் மாட்டிப் பார்க்காமல் டிரைவைக் குறை சொல்லக் கூடாது.

இதெல்லாம் சரி என்றால் டிஸ்க் சோதனை. ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நான்கு வேண்டும்: கம்பெனியில் அச்சடித்த சிடி, அச்சடித்த டிவிடி, வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எரித்த சிடி, எரித்த டிவிடி. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரே லென்ஸ் தொகுதிக்குள் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. சிடி எல்லாம் ஓடி, டிவிடி ஒன்றுகூட ஓடவில்லை என்றால் சிவப்பு லேசர் தளர்ந்துவிட்டது. துடைத்தாலும் பெரிதாக மாறாது. அச்சடித்தவை ஓடி, எரித்தவை மட்டும் தடுமாறினால் லென்ஸ் அழுக்கு என்று முதலில் சந்தேகப்படலாம். எரித்த டிஸ்க் திருப்பி அனுப்பும் ஒளி பொதுவாகக் குறைவு, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையில் இன்னும் குறைவு. லென்ஸில் மெல்லிய படலம் இருந்தாலே அந்தக் குறைந்த ஒளி தொலைந்துவிடும். எல்லா டிஸ்க்கும் ஓடி ஒன்று மட்டும் மறுத்தால், அந்த டிஸ்க்கைத்தான் கவனிக்க வேண்டும்.

டிஸ்க்கைப் போட்டதும் கேட்கும் சத்தமும் சேதி சொல்லும். லென்ஸ் முதலில் டிஸ்க்கின் உள் விளிம்புக்குப் போய், மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும். ஒளி திரும்பி வந்தால்தான் டிஸ்க் முழு வேகத்தில் சுழலத் தொடங்கும். 'டிக் டிக்' என்று இரண்டு மூன்று முறை கேட்டு, சுழலாமலே அடங்கினால் ஒளியே திரும்பவில்லை என்று அர்த்தம்: லென்ஸ் அழுக்கு, அல்லது லேசர் முடிந்தது. நன்றாகச் சுழன்று, வேகம் கூடி, குறைந்து, மறுபடி கூடிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, தகவல்தான் பிடிபடவில்லை. முதல் பாதி ஓடி, கடைசிப் பகுதியில் மட்டும் திணறினால் லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க் வளைந்திருக்கலாம். இந்த டிஸ்க்குகள் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுபவை.

வழி ஒன்று: துடைத்து, பழுது பார்த்து ஓட்டுவது

செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் எல்லாக் கோளாறுக்கும் இது மருந்தல்ல. டிரே சிக்கல், லென்ஸ் அழுக்கு, காய்ந்த கிரீஸ் ஆகிய மூன்றுக்கு மட்டும் இந்த வழியில் இறங்குங்கள். லேசர் தளர்ந்திருந்தால் இங்கே செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் வீண்.

டிரே சிக்கல்தான் இருப்பதிலேயே எளிது. பட்டனை அமுக்கினால் உள்ளே மோட்டார் உறுமுகிறது, டிரே வரவில்லை என்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முன்பக்கச் சின்ன ஓட்டையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழைத்து அழுத்தி டிரேயை வெளியே எடுங்கள். உள்ளே ஒரு டிஸ்க்கை வைத்து மூடி, கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டனால் திறந்து பாருங்கள். டிஸ்க் இருந்தால் திறக்கிறது, காலியாக இருந்தால் திறக்கவில்லை என்றால் பெல்ட்டேதான். டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் வட்டத்துக்கும் சுழலும் தலைக்கும் நடுவே காந்தப் பிடிப்பு இருக்கிறது. டிஸ்க் நடுவில் இருக்கும்போது 1.2 மி.மீ. இடைவெளி விழுவதால் பிடி தளரும். காலியாக இருக்கும்போது இரண்டும் நேராக ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த பெல்ட்டால் அந்தப் பிடியை விடுவிக்க முடிவதில்லை. அவசரத்துக்கு, வேண்டாத டிஸ்க் ஒன்றை எப்போதும் உள்ளேயே விட்டு வைத்தால் டிரே திறந்துகொண்டிருக்கும்.

பல மாடல்களில் டிரேயை முழுக்க வெளியே இழுத்தாலே முன்பக்கத்தில் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். சாமணத்தால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, இரண்டு கப்பிகளின் பள்ளத்தையும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் சில மாதங்கள் ஓடும். நிரந்தரத் தீர்வு புது பெல்ட். சதுரக் குறுக்குவெட்டு கொண்ட பெல்ட்டாக, பழையதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்க வேண்டும். ரொம்பச் சின்னதாகப் போனால் மோட்டார் தண்டில் அழுத்தம் ஏறி அதுவும் கெடும். மாட்டும்போது பெல்ட்டில் கிரீஸ் படக் கூடாது.

லென்ஸ் துடைப்பதில் லேப்டாப் டிரைவுக்கும் டெஸ்க்டாப் டிரைவுக்கும் பெரிய வித்தியாசம். லேப்டாப்பில் லென்ஸ் டிரேயோடு சேர்ந்தே வெளியே வரும். எதையும் கழற்ற வேண்டாம். டெஸ்க்டாப் டிரைவில் லென்ஸ் உள்ளே இருக்கும். டிரைவைக் கேபினட்டிலிருந்து எடுத்து, டிரேயின் முகப்பையும் முன் முகப்பையும் கழற்றி, அடியில் உள்ள நான்கு ஸ்க்ரூக்களை எடுத்தால்தான் கூடு பிரியும். இரண்டிலும் மின்சாரம் முழுக்கத் துண்டித்திருக்க வேண்டும். மூடிய நிலையில் இந்த டிரைவ்கள் பாதுகாப்பானவை. திறந்து வைத்து மின்சாரம் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. எரிக்கும் லேசர் வலுவானது. சிடி லேசரோ அகச்சிவப்பு என்பதால் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. கண் தானாக மூடிக்கொள்ளாது.

துடைக்க வேண்டியது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், லென்ஸில் படலமாக நின்றுவிடும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், லென்ஸ் பிளாஸ்டிக். பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு துளி நனைத்து, சொட்டாத பதத்தில், லென்ஸின் மேல் எடையே வைக்காமல் ஒரு வட்டம், பிறகு உலர்ந்த குச்சியால் ஒரு வட்டம். அந்த லென்ஸ் தலைமுடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி ஒன்று வளைந்தாலே டிரைவ் முடிந்தது. பத்து நிமிடம் உலரவிட்டுப் பிறகு மூடுங்கள். கூடவே லென்ஸ் நகரும் இரண்டு எஃகுத் தண்டுகளிலும் உள்ள பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, குண்டூசித் தலையளவு வெள்ளை கிரீஸ் தடவினால் போதும். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். பரவி லென்ஸுக்கே வந்து சேரும்.

கடையில் விற்கும் குட்டி பிரஷ் ஒட்டிய 'கிளீனிங் டிஸ்க்' லேசான தூசிக்கு உதவலாம். சமையலறைப் பிசுக்கும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து ஒட்டிய படலத்தை உலர்ந்த பிரஷ் எடுக்காது. லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணாடியில் தூசி போயிருந்தால் பஞ்சுக் குச்சியும் எட்டாது.

லேசர் மின்னோட்டத்தைக் கூட்டும் திருகைத் திருப்பச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கை வைக்க வேண்டாம். ரைட்டர்களில் லேசர் அளவுகள் தொழிற்சாலையில் அளந்து அமைக்கப்பட்டவை. தளர்ந்த லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்தால் கொஞ்ச நாள் பிரகாசமாக எரிந்துவிட்டு அடியோடு போய்விடும். லென்ஸ் தொகுதியை மட்டும் மாற்றுவதும் வீட்டு வேலை இல்லை.

வழி இரண்டு: உள்ளே வேறு டிரைவ் மாட்டுவது

கேபினட்டில் 5.25 அங்குல இடம் இருந்து, பீரோவில் நூற்றுக்கு மேல் டிஸ்க் இருந்தால் இதுதான் நல்ல தேர்வு. முழு அளவு டிரைவ் டிவிடியை 16 மடங்கு, சிடியை 48 மடங்கு வேகம் வரை படிக்கும். டிவிடியில் ஒரு மடங்கு என்பது நொடிக்கு 1,385 கேபி. சிடியில் 150 கேபி. 16 மடங்கு என்பது வெளி விளிம்பில் எட்டும் உச்ச வேகம்தான். அப்படியும் குறையில்லாத 4.7 ஜிபி டிவிடி ஒன்று ஐந்தாறு நிமிடத்தில் காப்பி ஆகிவிடும். மெல்லிய வெளி டிரைவில் அதே டிஸ்க் பத்து நிமிடம் எடுக்கும். பத்து டிஸ்க்குக்கு இது பெரிய விஷயமில்லை, இருநூறுக்கு நிச்சயம் பெரிய விஷயம். எடையான உடம்பு என்பதால், சமநிலை இல்லாத டிஸ்க்கிலும் அதிர்வைத் தாங்கும்.

மாட்டுவது எளிது, ஆனால் மூன்று இடத்தில் தப்பு நடக்கும். ஒன்று ஸ்க்ரூ. டிவிடி டிரைவுக்கு எம்3 எனப்படும் நெருக்கமான மரை. ஹார்டு டிஸ்க்குக்கும் கேபினட்டுக்கும் போடும் அகல மரை ஸ்க்ரூவை இதில் திணித்தால் மரை போய்விடும். நீளம் 5 மி.மீ. போதும், அதிகமானால் உள்ளே எதையாவது உரசும். இரண்டாவது பவர். எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா கனெக்டர் இல்லாமல் பழைய நான்கு முள் கனெக்டரிலிருந்து மாற்றும் ஒயர் வாங்கினால், கம்பிகளைப் பிளாஸ்டிக்கோடு வார்த்து மூடிய வகையைத் தவிருங்கள். அந்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் தனித்தனியாகச் செருகப்பட்டிருப்பது பின்பக்கம் தெரியும் வகை நல்லது. மூன்றாவது இணைப்பு வகை. பின்னால் அகலமான 40 முள் பட்டைக் கேபிள் இருந்தால் அது ஐடிஇ. அதற்குப் புது டிரைவ் தேடி அலைய வேண்டாம், நேராக வெளி டிரைவுக்குப் போய்விடுங்கள்.

புதிதாக வாங்குவதா, பழையதா? சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய டிரைவ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அலுவலகத்தில் டிவிடி அதிகம் ஓடியிருக்காது என்பதால் லேசர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும், பெல்ட்தான் வயதாகியிருக்கும். சோதிக்காமல் வாங்கக் கூடாது. விளிம்பு வரை நிரம்பிய ஒரு எரித்த டிவிடியைக் கையோடு கொண்டுபோய், அதன் கடைசி ஃபைலைக் காப்பி செய்து காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் உள்ளே இல்லாமல் டிரேயை ஐந்தாறு முறை திறந்து மூடிப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் எடுக்கலாம்.

வழி மூன்று: யூஎஸ்பி வெளி டிரைவ்

பெரும்பாலான வீடுகளுக்கு இதைத்தான் பரிந்துரைக்கலாம். புது கேபினட்டுகளில் டிரைவ் வைக்க இடமே இல்லை, புது லேப்டாப்புகளில் டிரைவே இல்லை. வெளி டிரைவ் இன்றைய கம்ப்யூட்டரிலும் ஓடும், அடுத்து வாங்கப்போகும் கம்ப்யூட்டரிலும் ஓடும், அத்தை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடியை டாக்டரிடம் காட்டுவதற்கு முன் திறந்து பார்ப்பது போன்ற எப்போதாவது வரும் வேலைக்கு இது தாராளம்.

இதன் பலவீனம் மின்சாரம். மெல்லிய டிரைவ் 5 வோல்ட்டில் மட்டும் ஓடுவது. டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் ஒரு ஆம்பியருக்கு மேலேயும் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 தர வேண்டியது 900. மதர்போர்டுகள் அதற்கு மேலும் கொஞ்சம் கொடுப்பதால்தான் வேலை நடக்கிறது. கேபினட்டின் முன்பக்கப் போர்ட், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர், பவர் இல்லாத ஹப் ஆகியவற்றில் செருகினால் வோல்ட்டேஜ் விழுந்து, டிரைவ் 'தட் தட்' என்று தட்டும். விண்டோஸ் 'கழன்றது, சேர்ந்தது' சத்தத்தை மாற்றி மாற்றி எழுப்பும். பலர் இதை டிரைவ் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள நீல (யூஎஸ்பி 3.0) போர்ட்டில், கூடவே கொடுத்த குட்டைக் கேபிளில் செருகிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் இரண்டு யூஎஸ்பி போர்ட்டில் செருகும் இரட்டைத் தலைக் கேபிள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்.

பெயர் தெரியாத மலிவு டிரைவ்களில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிரைவைப் புது கூட்டுக்குள் வைத்து விற்பதும் நடக்கிறது. செருகியதும் டிவைஸ் மேனேஜரில் என்ன மாடல் பெயர் வருகிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். கூடுதலாக இருநூறு முந்நூறு போனாலும் தெரிந்த பிராண்டாக, ரசீதோடு, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் நான்கு வகை டிஸ்க்கையும் போட்டுப் பார்த்து வாங்குவதே சரி. ப்ளூ-ரே டிஸ்க் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: சாதாரண டிவிடி டிரைவ் அதைப் படிக்காது. அதற்கு 405 நானோமீட்டர் லேசர் கொண்ட தனி டிரைவ் வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர்தான் பழுது, டிரைவ் நன்றாக இருக்கிறது என்றால் வேறு வழிகளும் உண்டு. லேப்டாப் டிரைவைக் கழற்றி ஒரு வெளிக் கூட்டுக்குள் போடலாம்; அடியில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். தடிமன் 12.7 மி.மீ.யா 9.5 மி.மீ.யா என்று அளந்துவிட்டுக் கூடு வாங்குங்கள். பெரிய டெஸ்க்டாப் டிரைவையும் சாட்டா-யூஎஸ்பி அடாப்டர் வழியாக வெளியே ஓட்டலாம். ஆனால் 12 வோல்ட் அடாப்டரோடு வரும் வகைதான் வேண்டும். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கான ஒற்றைக் கேபிள் வெறும் 5 வோல்ட் தருவது, அதில் இந்த டிரைவ் அசையாது.

வழி நான்கு: டிஸ்க்குகளையே மாற்றிவிடுவது

இதை மற்ற மூன்றுக்கும் மாற்று என்று பார்ப்பதைவிட, மூன்றில் எதைச் செய்தாலும் கடைசியில் செய்தே தீர வேண்டியது என்று பார்ப்பது சரி. எரித்த டிஸ்க்கில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அதைக் கொல்லும். நம் ஊர் வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரணில் கிடக்கும் டிஸ்க்குகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், கம்பெனிகள் இந்தத் தொழிலை விட்டு விலகிக்கொண்டே இருக்கின்றன. சோனி தன் டிரைவ் பிரிவான ஆப்டியார்க்கை மூடுவதாக 2012-லேயே அறிவித்தது; எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பையும் 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. டிரைவ் வாங்கும் காசுக்கு உண்மையான பயன், அதை வைத்து டிஸ்க்குகளைக் காலி செய்வதுதான்.

இருபது முப்பது டிஸ்க்தான் இருக்கிறது என்றால் டிரைவே வாங்க வேண்டாம். நண்பரிடம் வெளி டிரைவை ஒரு சனி ஞாயிறு இரவல் வாங்கினால் வேலை முடியும். 100 முழு டிவிடி 470 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருநூறு அடங்கும். ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாமல் இரண்டில் வையுங்கள்.

காப்பி செய்யும் முன் டிஸ்க்கை மென்மையான பருத்தித் துணியில், தேவைப்பட்டால் ஒரு துளி சோப்புத் தண்ணீரோடு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும்; குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் (படிக்க முடியாத துண்டை டிரைவே கணக்கிட்டு நிரப்புவது) சமாளிக்கும், தடத்தோடு நீளும் கீறலைச் சமாளிக்காது. சிடியின் பிழைதிருத்தம் முழுமையாகச் சரிசெய்யக்கூடியது தடத்தின் நீளத்தில் சுமார் இரண்டரை மி.மீ. அளவுதான். சிடியில் தகவல் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகே இருக்கிறது. அதனால் ஒட்டிய பேப்பர் ஸ்டிக்கரைப் பிய்க்கப் போகாதீர்கள். வெள்ளிப் படலமே கூட வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஊசி ஓட்டைகள் தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான்.

டேட்டா டிவிடி, கல்யாண டிவிடி போன்றவற்றை இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் ஐஎஸ்ஓ இமேஜாக (முழு டிஸ்க்கின் பிரதி ஒரே ஃபைலில்) எடுப்பது நல்லது. விஎல்சி அதை அப்படியே ஓட்டும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வந்த கல்யாண வீடியோக்கள் பல விசிடியில் (சிடியிலேயே படம் பதியும் பழைய வகை) இருக்கும். அங்கே ஐஎஸ்ஓ எடுத்தால் படம் சரியாக வராது. விசிடி தன் வீடியோப் பகுதியை வேறு வகை செக்டர்களில் (தகவல் துண்டுகளில்), கூடுதல் பிழைதிருத்தம் இல்லாமல் எழுதுகிறது. ஃபைலை இழுத்துப் போட்டாலும் பாதியில் பிழை காட்டி நிற்பது அதனால்தான். விசிடிக்கு பின்-கியூ வகை இமேஜ் (பின், கியூ என்ற இரண்டு ஃபைல்களாக வரும்) எடுக்க வேண்டும். ஆடியோ சிடிக்கும் ஐஎஸ்ஓ பொருந்தாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போல, ஒவ்வொரு பகுதியையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளே சரி.

பிழை காட்டும் டேட்டா டிஸ்க்குகளுக்கு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு விட்டுப்போன இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். எங்கே விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும். அந்த மேப் ஃபைலை வைத்துக்கொண்டு அதே டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை வேறு லென்ஸ், வேறு ஃபர்ம்வேர் (டிரைவின் உள் மென்பொருள்) உள்ள மற்றொன்று படித்துவிடுவது சகஜம். பழைய டிரைவைத் துடைத்து வைத்துக்கொண்டே வெளி டிரைவும் வாங்குவதில் அர்த்தம் இருப்பது இந்த இடத்தில்தான்: முக்கியமான டிஸ்க்குக்கு இரண்டு வெவ்வேறு டிரைவ் கையில் இருந்தால் மீளும் வாய்ப்பு கூடும்.

வரிசையும் முக்கியம். தளர்ந்த டிரைவோ இரவல் டிரைவோ, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே எரித்த டிஸ்க்குகள் முதலில். அதிலும் காது குத்து, கல்யாணம், இறந்துபோன தாத்தா பாட்டி இருக்கும் வீடியோக்கள் முன்னே. அடுத்து குழந்தைகளின் போட்டோ சிடிகள், பழைய ஸ்கேன் சிடிகள். கடையில் வாங்கிய படங்களும் மென்பொருள் டிஸ்க்குகளும் கடைசியில். ஒவ்வொரு டிவிடி காப்பி முடிந்ததும் டிஸ்க்கைத் தூக்கி வைக்கும் முன், ஹார்டு டிஸ்க்கில் உள்ள பிரதியின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். எரித்த டிஸ்க் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் முதலில் கெடத் தொடங்கும், நிரம்பிய டிஸ்க்கில் வீடியோவின் கடைசிப் பகுதி இருப்பதும் அங்கேதான்.